மூன்று லட்சம் ஓடிய வண்டி

லாரிக்காரர் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் பச்சைக் குழந்தையும் கை நீட்டிக் காட்டும். லாரியை விட்டு இரண்டு வருஷம் ஆகியும், சர்க்கரை நோய் முதலில் கண்ணையும் பிறகு சிறுநீரகத்தையும் தின்று தீர்த்தும், பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அவருக்கு வெளிச்சம் எது, நிழல் எது என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவர் மனைவிக்குத் தெருவில் 'லாரிக்காரர் வீட்டம்மா' என்று பெயர். வேலை பார்க்கும் சட்டை கம்பெனியில் 'காஜா அக்கா'. பொத்தான் துளை எடுக்கும் காஜா மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் முதுகு வளைந்ததுதான் மிச்சம்.

கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல். அவர் லாரியை விடும்வரை, கூட்டிக் கழித்துப் பார்த்தால் மூன்று வருஷம்கூட இருவரும் சேர்ந்தாற்போல் ஒரு கூரையின் கீழ் இருந்திருக்க மாட்டார்கள். மாதத்தில் நாலு நாள் வருவார். அந்த நாலு நாளும் வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். கை நீட்டியதில்லை என்பதை அவள் பெரிய விஷயமாகச் சொல்வாள். ஆனால் தட்டு பறக்கும். அடுப்பில் பால் லேசாக அடிபிடித்திருந்தால் போதும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்னத்தடி தீச்சே?" என்றுதான் உள்ளே நுழைவார். "அப்பாவுக்கு மூக்கு முகத்துல இல்லம்மா, அடுப்படியிலதான் இருக்கு" என்று மகள் முன்பெல்லாம் அவர் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லிச் சிரிப்பாள். அவளும் இப்போது கட்டிக்கொடுத்த இடத்தில், வெகு தூரத்தில் இருந்தாள்.

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. வாரம் மூன்று முறை போக வேண்டும். போகும்போது பஸ் பரவாயில்லை. வரும்போதுதான் உயிர் போகும். நாலு மணி நேரம் ஊசி குத்திய கையோடு படுத்துவிட்டு எழுந்தவருக்குக் கால் துவளும், குமட்டும். ஒருநாள் நிற்க முடியாமல் பஸ்ஸின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். குடித்திருக்கிறார் என்று நினைத்துக் கண்டக்டர் இறங்கச் சொன்னான். ஒரு காலத்தில் அதே சாலையில் பஸ்காரர்களை ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்த மனுஷன். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தவர், மறுநாள் காலை சொன்னார்:

"ஒரு வண்டி எடுத்துடலாம். நீ ஓட்டு."

"நானா?"

"வேற யாரு, நானா ஓட்டப் போறேன்? மெஷின்ல காலை வெச்சு மிதிக்கிறவதானே. இதுலயும் மிதிக்கிறதுதான்."

ஊருக்கு வெளியே அவர் பெயரில் கிடந்த மனைக்கட்டு அதற்காக விலை போனது. அவள் வேலை முடிந்து டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். நடுங்கிக்கொண்டே லைசென்ஸும் எடுத்தாள். பெட்ரோல் வண்டி என்ற பேச்சையே அவர் எடுக்கவிடவில்லை.

"தூரத்துக்கு டீசல்தான். பெட்ரோல் வண்டி கடைக்குப் போய்ட்டு வர்றதுக்கு. ஜாஸ்தி ஓடியிருந்தாலும் பயப்படாத. டீசல் என்ஜினுக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர்ங்கிறது வாலிப வயசு. ஓடின வண்டிதான் ஓடும். வீட்டுல மூடி வெச்சிருந்த வண்டி, மூடி வெச்ச மாதிரியேதான் இருக்கும்."

வண்டி பார்க்கப் போகுமுன் அவளை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். "எனக்குக் காது போதும், மத்தது நான் பாத்துக்கறேன். நீ புகையை மட்டும் பாரு. கறுப்பா வந்தா காத்து பத்தலைன்னு அர்த்தம், சரி பண்ணிடலாம். வெள்ளையா வந்தா யோசிக்கணும். நீலமா வந்தா ஓடி வந்துடணும். என்ஜின் ஆயிலைக் குடிக்குதுன்னு அர்த்தம். அது கடைசிக் காலம்."

பழைய வண்டி புரோக்கரின் இடம், தகரக் கூரை போட்ட ஒரு திறந்தவெளி. கழுவித் துடைத்து, டயருக்கெல்லாம் மை பூசி வரிசையாக நிறுத்தியிருந்தான். அந்த ஆளுக்கு வாய் காதுவரைக்கும். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். பார்த்த வண்டிகளில் சாம்பல் நிறக் கார் ஒன்றின் மேல் லாரிக்காரர் கை வைத்து நின்றுவிட்டார். மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது.

"மீட்டரைத் திருப்பி வெச்சு விக்கிறவன் நான் இல்லைண்ணே. உள்ளதை உள்ளபடி சொல்லிட்டேன்" என்றான் புரோக்கர்.

இந்த ஒரு வார்த்தையில் அவர் பாதி விழுந்துவிட்டார் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் புரிந்தது. மீட்டரில் பொய் சொல்லாதவன் வேறெதிலும் பொய் சொல்லமாட்டான் என்று நினைத்துக்கொண்டார். பானெட்டைத் தடவிப் பார்த்தவர் கையை எடுத்தார்.

"சூடா இருக்கே?"

"இப்பத்தாண்ணே ஒரு பார்ட்டி ஓட்டிப் பாத்துட்டுப் போனாங்க. சாயங்காலம் பணத்தோட வர்றேன்னிருக்காங்க."

சாவியைத் திருப்பினதும் வண்டி ஒரே இழுப்பில் உறுமியது. அவர் குனிந்து, பானெட்டின் மேல் காதை வைத்து, ஒரு கையால் தாளம்போல் விரலைத் தட்டிக்கொண்டு நின்றார். இரண்டு வருஷமாக அந்த முகத்தில் இல்லாத ஒரு களை வந்து உட்கார்ந்தது. புரோக்கரின் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கண் தெரியாத ஒருவர் வண்டி வாங்குவதை அவர்கள் பார்த்ததில்லை. அவர் அதை உணர்ந்தாரோ என்னவோ, குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"நாலு சிலிண்டரும் ஒரே சீரா பேசுது. கேட்டியா? புகை?"

அவள் பின்னால் போய்ப் பார்த்தாள். ஒன்றும் பெரிதாக இல்லை. "இல்லைங்க."

"எடுத்துடலாம்" என்றார்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற மாட்டைக் காலையில் பார்க்க வேண்டும், குளிர்ந்த என்ஜினில் பார்க்க வேண்டும். அவருக்குத் தெரியாததா? லாரியில் காலமெல்லாம் அதைத்தான் பார்த்தவர். ஆனால் அன்று அவருக்கு வண்டி வேண்டியிருந்தது. அதைவிட, தன்னால் இன்னமும் வண்டியின் தரத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்பது வேண்டியிருந்தது. "ஏதாவதுன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்கண்ணே, மாத்தித் தர்றேன்" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தான் புரோக்கர்.

மறுநாள் காலை. பக்கத்து வீட்டார் இரண்டு பேர் வண்டியைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர் சலவைச் சட்டை போட்டு, முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, "மூணு லட்சம் ஓடியிருக்கு, ஆனா சத்தத்தைக் கேளுங்க" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி இருமியது. மறுபடி திருப்பினாள். இருமி, இழுத்து, குலுங்கி, மூன்றாவது தடவைதான் உயிர் வந்தது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் மதில் சுவர் தெரியவில்லை. நீலம். சந்தேகமே இல்லாத நீலம். பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"காலையில அப்படித்தான், குளிருக்கு" என்றார் லாரிக்காரர். பிறகு முகத்தைத் திருப்பாமலே, குரலைத் தாழ்த்தி, "புகை என்ன நிறம்?"

அவள் அவரைப் பார்த்தாள். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். முழங்கால் மேல் இரண்டு கையும் வைத்துப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"புகையே இல்லைங்க."

"ஆயில் தீயற மாதிரி ஒரு வாசம்..."

"இல்லையே. எனக்கு ஒண்ணும் வரலை."

அவர் ஒரு முறை மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். "சரி, எடு" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளால் ஒரு காரணம் சொல்ல முடியாது. பாவமாக இருந்தது, அது உண்மை. பக்கத்து வீட்டார் நின்றார்கள், அதுவும் உண்மை. தட்டு பறந்த காலத்துப் பயம் உடம்பை விட்டு முழுதாகப் போயிருக்கவில்லை என்பதும் உண்மைதான். இரண்டு நாளில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். புரோக்கர் சொன்ன அந்த ஒரு வாரம் அப்படியே ஓடிவிட்டது.

அதற்கப்புறம் அவளுக்கு இரட்டை வேலை. ஆஸ்பத்திரி நாளில் கம்பெனியில் அரை நாள் மட்டும் உட்கார்ந்துவிட்டு ஓடி வருவாள். அவரை இயந்திரத்தில் படுக்கவைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஒரு கடையில் என்ஜின் ஆயில் வாங்கி வந்து, யாரும் பார்க்காமல் ஊற்றுவாள். ஆயில் கேனைப் பின்பக்கம் பழைய போர்வைக்குள் சுற்றி வைத்திருந்தாள். கையை எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. ஒருநாள் வெள்ளைச் சட்டைக் காலர் ஒன்றில் அவள் பெருவிரல் அப்படியே பதிந்துவிட, சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் அதைத் தூக்கிக் காட்டினான். "காஜா அக்கா, நீங்க மெக்கானிக் ஷெட்டுல சேந்துட்டீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஆனால் பொய் சொல்லக்கூடாது, அந்தச் சில மாதங்கள்தான் அவர்கள் இருவரும் புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்த மாதங்கள். காருக்குள் எழுந்து போக இடமில்லை, பேசித்தான் ஆகவேண்டும். அவர் பழைய சாலைகளைப் பற்றிச் சொல்வார். மலைப்பாதையில் பிரேக் போன கதை, கூட வந்த கிளீனர் ஜுரத்தில் பிதற்றிய கதை. சக்கரத்தின் சத்தம் மாறினால், "பாலம் வந்தாச்சா?" என்பார். "கிளட்சுல காலை ஊனிக்கிட்டே வராதடி, அது என்ன உன் மெஷினா?" என்பார். அவளும் பதிலுக்கு, "கண்ணு தெரியலைன்னாலும் கால் எங்க இருக்குன்னு மட்டும் தெரியுது" என்பாள். முன்பானால் இப்படி வாய்க்கு வாய் பேசியிருக்க முடியுமா?

வீட்டிலும் அவர் மாறியிருந்தார். சாப்பாட்டைக் குறை சொல்வதே இல்லை. ஒருநாள் வேலை அலுப்பில் அவள் அடுப்பை மறந்து, பால் தீய்ந்து பாத்திரமே கறுத்துவிட்டது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் கட்டிலில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நோய் மனுஷனைப் பக்குவப்படுத்திவிட்டது என்று அவள் மகளிடம் போனில் சொன்னாள். "உங்க அப்பா பசு மாதிரி ஆயிட்டாருடி."

கம்பெனியில் அவசர ஆர்டர் ஒன்று வந்த வாரம் அவள் கூடுதல் நேரம் உட்கார வேண்டியிருந்தது. ஆயிலைப் பார்க்கவில்லை. பார்த்ததாக ஒரு நினைப்பு, அவ்வளவுதான். உச்சி வெயிலில் நகரத்துக்குப் போகிற வழியில், மேட்டில் ஏறும்போது என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் வந்தது.

"நிறுத்து" என்றார்.

"மேடு ஏறிட்டு நிறுத்தறேங்க, பின்னாடி லாரி..."

"நிறுத்துடி! இப்பவே நிறுத்து!"

அவள் ஓரம் கட்டுவதற்குள் வண்டி தானாகவே நின்றுவிட்டது. வாயடைத்துப்போன மாதிரி ஒரு நிற்பு. சாவியைத் திருப்பினால் ஒரு 'டிக்'. அவ்வளவுதான். பானெட்டின் இடுக்கிலிருந்து புகை கிளம்பியது. நிழல் இல்லாத சாலை. அவருக்கு அன்று கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது, மூச்சு மேல்மூச்சாக இருந்தது. கதவைத் திறந்துவைத்து, முந்தானையால் விசிறினாள். போகிற வண்டிகளுக்குக் கை காட்டினாள். எதுவும் நிற்கவில்லை.

"ஆயில் இல்லாம ஜாம் ஆயிடுச்சு" என்றார் அவர். "லீக் இருந்தா நீ சொல்லியிருப்பே. ஆயில் எங்க போச்சு?"

அப்போதுதான் சொன்னாள். வெயிலில் நின்றுகொண்டு, சாலையைப் பார்த்தபடி, முதல் நாள் காலையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நீலப் புகை, ஆயில் கேன், போர்வை. திட்டப் போகிறார் என்று காத்திருந்தாள். திட்டியிருக்கலாம்.

"வாசம் வந்துச்சு" என்றார். "தினம் வந்துச்சு. நீ இல்லைன்னே. கண்ணு மாதிரியே மூக்கும் போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன். இல்லாத வாசமெல்லாம் வருதுன்னு. வீட்டுல தீயற வாசம் வந்தாக்கூட அதுவும் பொய்தான்னு பேசாம இருந்துட்டேன்."

அவள் விசிறிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"ஒண்ணு ஒண்ணா கழண்டு விழுதுன்னு நெனச்சேன்டி. அடுத்தது காதுன்னு ராத்திரியெல்லாம் பயந்துக்கிட்டு படுத்திருந்தேன்."

கடைசியில் ஒரு பால் வேன் நின்றது. காலிப் பெட்டிகளுக்கு நடுவில் அவரை உட்காரவைத்து, அவள் முதுகு கொடுத்துத் தாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். நேரம் கடந்துவிட்டதால் அடுத்த நோயாளிக்கு முன் பாதி நேரம்தான் இயந்திரத்தில் போட்டார்கள்.

மெக்கானிக் என்ஜினைப் பிரித்து, கையைத் துடைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார். "ஏற்கெனவே ஒரு தடவை ஜாம் ஆகி, ஒப்பேத்தி வெச்ச என்ஜின்மா. கெட்டி ஆயிலை ஊத்தி, சூடு பண்ணி வித்திருக்காங்க. வேற என்ஜின்தான் போடணும். அதுக்கு ஆகுற செலவுல இன்னொரு பழைய வண்டியே எடுத்துடலாம்." லாரிக்காரர் பிஸ்டனைக் கேட்டு வாங்கி, பெருவிரலால் அதன் பக்கவாட்டைத் தடவினார். இழுத்த கோடுகள் விரலுக்குத் தெரிந்தன. திருப்பிக் கொடுத்தார்.

அவள் தனியாகப் புரோக்கரிடம் போனாள். அங்கே வேறொரு குடும்பம் வேறொரு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனான்.

"வித்த மாட்டுக்குப் புல்லு போடச் சொல்றீங்களேக்கா. ஒரு வாரம் டைம் குடுத்தேனே. மறுநாளே புகை வந்திருக்குமே, பாக்கலையா? அப்பவே கொண்டு வந்திருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

அவன் அப்போதும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பான். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் வந்த வழியே திரும்பி நடந்தாள்.

வீட்டில் அவர் அவளோடு பல நாள் பேசவில்லை. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். சோப்பை எடுத்து முகர்ந்து பார்ப்பார். தீக்குச்சியைக் கிழித்து, அணைத்து, மூக்கருகில் பிடிப்பார். அவள் வேலையிலிருந்து வந்தால், "மெஷின் ஆயில் வாசம்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். ஒரு மாலை அடுப்படியில் லேசாக ஏதோ அடிபிடித்தது. "தீயுது பாரு!" என்று உள்ளிருந்து பழைய குரல் வந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். தட்டு பறந்திருந்தால்கூட அன்று சந்தோஷப்பட்டிருப்பாள்.

பழையபடி பஸ், நாள் முழுக்க ஆகும். அவள் லீவு போட்டால் சம்பளம் போகும், போடாவிட்டால் அவர் போக முடியாது. சில நாள் பக்கத்து வீட்டுக்காரர் துணைக்குப் போனார். பிறகு அவருக்கும் வேலை வந்துவிட்டது. "இன்னைக்கு வேண்டாம், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று லாரிக்காரர் ஆரம்பித்தார். மகள் போனில் அழுதாள், கெஞ்சினாள். போனைக் காதிலிருந்து எடுத்துத் தள்ளிவைத்துவிட்டார். அடுத்தடுத்து இரண்டு முறை தவறியபின், மூன்றாவது முறை அவள் அவரை எழுப்பி, சட்டை மாட்டி, தோளில் தாங்கி, பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனாள். பஸ் வந்தது. கதவு திறந்தது. அவர் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எழுந்திருங்க. பஸ் போயிடும்."

"போகட்டும்."

"என்னைப் பழி வாங்கறீங்களா?" அவளை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

அவர் முகம் அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது. நிஜமாகவே ஆச்சரியப்பட்டவர் போல் இருந்தார். "பழியா? உன்னையா?" என்றார். "முடியலடி. ஏறி இறங்க முடியல. அவ்வளவுதான்."

பஸ் போய்விட்டது. இருவரும் கொஞ்ச நேரம் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி வீடு வந்து சேர்ந்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனவளின் கையைப் பிடித்து வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை, கூப்பிட்டாள். படுத்தால் மூச்சு முட்டியதால், சுவரில் தலையணை வைத்து, அவள் தோளில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டபோது, "டீசல்தான்" என்றார். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தபோது அவர் தலை அவள் தோளில் கனத்திருந்தது.

இருதயம் எப்படியும் தாங்கியிருக்காது என்று உள்ளூர் டாக்டர் சொன்னதாக மகள் வந்து சொன்னாள். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டாளா என்று மகளுக்குத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவள் மறுபடி காஜா மெஷினில் உட்கார்ந்த முதல் வாரம், ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். அவர் இத்தனை நாளாக ஏன் வரவில்லை என்று கேட்டாள். இவள் சொன்னாள். நர்ஸுக்கு நிஜமாகவே வருத்தம் போலத்தான் இருந்தது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அவரோட டைம்ல வேற ஒருத்தரைப் போடலாமாம்மா? ஒரு பொண்ணு ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருக்கு. உங்க வழியிலதான் வீடு."

"போடுங்க" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணு எதுல வரும்?" என்று கேட்டாள்.

"பஸ்லதாம்மா."

சூப்பர்வைசர் தூரத்திலிருந்து பார்த்தான். அவள் போனை மடியில் வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்து மெஷினுக்குக் கீழே தள்ளினாள்.